வேலையை விட்டு விமானி ஆக ஆசை, கையில் பணம் குறைவு: எந்தச் செலவு முதலில், எது கடைசியில்?

கேள்வி இதுதான்: "எனக்கு 34 வயது. கணக்கியல் துறையில் நிலையான வேலை. மனைவியும் வேலைக்குப் போகிறார், ஒரு குழந்தை இருக்கிறது. முழுநேர விமானப் பயிற்சிக்குக் கேட்கும் தொகையில் மூன்றில் ஒரு பங்குதான் சேமிப்பாக இருக்கிறது. ஏர்லைன் விமானி ஆக முடியுமா? கடன் வாங்கி ஒரே மூச்சில் முடிப்பதா, கொஞ்சம் கொஞ்சமாகப் படிப்பதா?"

முடியும். ஆனால் உங்கள் நிலையில் இருப்பவர் போகவேண்டிய பாதை வேறு, முழுப் பணத்தோடு வருகிறவர் போகும் பாதை வேறு. நான் பயிற்றுநராக இருந்த காலத்தில் பயிற்சியைப் பாதியில் விட்டவர்கள் பலரைப் பார்த்திருக்கிறேன். அவர்களில் பறக்கக் கைவராமல் விட்டவர்கள் மிகக் குறைவு. பெரும்பாலானவர்களுக்குப் பணம் தீர்ந்துபோனது, அதுவும் செய்யவேண்டிய செலவைச் செய்யக்கூடாத நேரத்தில் செய்ததால் தீர்ந்தது. எந்தப் பள்ளி மலிவு என்று தேடுவதில் எல்லோரும் மாதக்கணக்கில் நேரம் போக்குகிறார்கள். உங்களுக்கு அதைவிடப் பெரிய கேள்வி, செலவின் வரிசை. அந்த வரிசையிலேயே சொல்லிக்கொண்டு போகிறேன்.

முதலில், ஏர்லைன் விமானிக்குத் தேவையான முதல் வகுப்பு மருத்துவச் சான்று. பள்ளிக்கு ஒரு காசு கட்டுவதற்கு முன், வீட்டில் பெரிய முடிவு எதுவும் எடுப்பதற்கு முன், இதை முடியுங்கள். பார்வை, நிறங்களைப் பிரித்தறியும் திறன், காது, இதயத்துக்கு ஈசிஜி, ரத்தம், சிறுநீர், பழைய நோய்கள், எடுத்துக்கொள்ளும் மருந்துகள் எல்லாவற்றையும் பார்ப்பார்கள். கண்ணாடி போட்டால் விமானி ஆக முடியாது என்று நம்பி ஆசையையே விட்டவர்கள் உண்டு, அது தவறு. கண்ணாடியோடு சரியாகத் தெரிந்தால் பெரும்பாலும் பிரச்சினை இல்லை. நிறக்குருடு, சில இதயக் கோளாறுகள், வலிப்பு, சில மனநல மருந்துகள் போன்றவைதான் சிக்கல். அவற்றிலும் நாட்டுக்கு நாடு விதி மாறும். உதாரணமாக, இன்சுலின் போட்டுக்கொள்ளும் சர்க்கரை நோயாளியை ஒரு நாடு கடும் நிபந்தனைகளோடு அனுமதிக்கும், இன்னொரு நாடு அனுமதிக்காது. எதையும் மறைக்க வேண்டாம். பின்னாளில் தெரியவந்தால் சான்றும் போகும், அதுவரை கொட்டிய பணமும் போகும். இந்தப் பரிசோதனைக்கு ஆகும் செலவு மொத்தச் செலவில் ஒரு துளி. இதைத் தள்ளிப்போட்டு, பாதிப் பயிற்சி முடிந்தபின் நிறப்பார்வையில் தோற்று நிற்பவரைப் பார்ப்பது வேதனையான விஷயம்.

வயதைப் பற்றி ரொம்பக் கவலைப்பட வேண்டாம். சர்வதேச சிவில் விமானப் போக்குவரத்து அமைப்பான ஐகாவோவின் விதிப்படி, இரண்டு விமானிகள் இயக்கும் சர்வதேச வணிக விமானங்களில் 65 வயது வரை பறக்கலாம். 2006-க்கு முன் கேப்டன்களுக்கு அது 60. நீங்கள் 38 வயதில் முதல் வேலைக்குப் போனாலும் 27 ஆண்டுகள் மிச்சம் இருக்கின்றன. தாமதமாக வருகிறவர் இழப்பது சீனியாரிட்டியைத்தான். பல நிறுவனங்களில் எந்த ஊரில் தங்குவது, எந்த நாளில் விடுமுறை, எப்போது கேப்டன் என்பதையெல்லாம் சேர்ந்த தேதிதான் முடிவு செய்யும். உங்களைவிடப் பத்து வயது சிறியவர் உங்களுக்கு முன்னால் நிற்பார். அதை மனதார ஏற்றுக்கொள்ள முடியுமா என்று யோசியுங்கள். வீட்டிலும் பேசுங்கள், ஏனென்றால் பண்டிகை நாட்களில் நீங்கள் வீட்டில் இல்லாமல் போவது அவர்களையும் பாதிக்கும்.

சான்று கையில் வந்ததும் இரண்டு மூன்று பாடங்கள் மட்டும் பறந்து பாருங்கள். ஒன்றாவது காற்று கொஞ்சம் குலுக்கும் நாளாக இருக்கட்டும். இந்த வேலையில் தினமும் செய்யவேண்டியது பட்டியல் பார்த்துச் சரிபார்ப்பது, ரேடியோவில் பேசுவது, எண்களை மனதில் வைத்துக்கொள்வது, மறுபடி சரிபார்ப்பது. அது உங்களுக்குப் பிடிக்கிறதா என்று அந்தப் பாடங்களிலேயே தெரிந்துவிடும்.

அப்புறம்தான் பாதை. இரண்டு உண்டு. ஒருங்கிணைந்த பயிற்சியில் ஒரே பள்ளி, முழுநேரம், பூஜ்யத்திலிருந்து வணிக விமானி லைசென்ஸான சிபிஎல் வரை கொண்டுபோகும். மாடுலர் முறையில் ஒவ்வொரு கட்டத்தையும் தனித்தனியாக, வேண்டுமானால் வெவ்வேறு இடங்களில், இடையில் வேலை பார்த்துக்கொண்டே முடிக்கலாம். ஐகாவோ விதியில் ஒருங்கிணைந்த பயிற்சிக்குக் குறைந்தது 150 மணி நேரப் பறத்தல், மற்றவர்களுக்கு 200 மணி. இறுதியில் கிடைக்கும் லைசென்ஸ் ஒன்றேதான். மணிகள் அதிகமாக இருந்தும் மாடுலர் பொதுவாகக் கணிசமாகக் குறைந்த செலவில் முடிகிறது, அதில் பாதிக்கு மேல் சம்பளம் வாங்கிக்கொண்டே நடக்கிறது. மூன்றில் ஒரு பங்கு பணம் இருக்கிறவருக்கு என் பதில் மாடுலர்தான், இதில் எனக்குத் தயக்கமே இல்லை.

மாடுலரின் பலவீனத்தையும் சொல்ல வேண்டும். ஒருங்கிணைந்த பள்ளிகள் சிலவற்றுக்கு ஏர்லைன்களோடு நேரடித் தொடர்பு உண்டு, மாணவரை நேர்முகத் தேர்வு வரை கொண்டுபோய் விடுவார்கள். மாடுலர்காரருக்கு அது கிடையாது. அவரிடம் ஏர்லைன்காரர்கள் பார்ப்பது மூன்று: எத்தனை இடங்களில் சிதறிப் படித்தார், நடுவில் எவ்வளவு இடைவெளி விட்டார், தேர்வுகளை முதல் முயற்சியில் தேறினாரா. அதனால் தொடக்கத்தை எங்கே வேண்டுமானாலும் செய்யுங்கள். கருவிகளை மட்டும் பார்த்துப் பறக்கும் தகுதியையும், இரண்டு விமானிகள் சேர்ந்து இயங்கும் பயிற்சியான எம்சிசியையும் நல்ல பெயருள்ள ஒரே இடத்தில் செய்யுங்கள்.

பணம் எங்கே ஓட்டையாக ஒழுகும் என்பதை இங்கே விரிவாகச் சொல்ல வேண்டும். முதல் லைசென்ஸ் தனியார் விமானி லைசென்ஸ், பிபிஎல். அமெரிக்காவில் குறைந்தபட்சம் 40 மணி, ஐரோப்பாவில் 45 மணி. விளம்பரங்கள் இந்த எண்ணை வைத்துத்தான் விலை சொல்லும். நடைமுறையில் 60, 70 மணி ஆவது சாதாரணம். அந்தக் கூடுதல் மணிகள் எங்கிருந்து வருகின்றன? பெரும்பாலும் இடைவெளியிலிருந்து. மாதம் இரண்டு முறை பறக்கிறவர் ஒவ்வொரு முறையும் போன பாடத்தின் பாதியைத் திரும்பக் கற்கிறார். வாரம் மூன்று முறை பறக்கிறவர் நேரே அடுத்த பாடத்துக்குப் போகிறார். மாதச் சம்பளத்தில் மிஞ்சுவதை வைத்து மாதம் ஒன்றிரண்டு மணி பறப்பது சிக்கனம் போலத் தோன்றும், உண்மையில் மிகவும் செலவான முறை அதுதான். எனவே முன்பு சொன்ன அந்த இரண்டு மூன்று பாடங்களோடு நிறுத்தி, பிபிஎல்லுக்குத் தேவையான மொத்தப் பணமும், அதன் மேல் மூன்றில் ஒரு பங்கும் சேரும் வரை மறுபடி விமானத்தைத் தொடாதீர்கள். சேர்ந்ததும் நீண்ட விடுப்பு போட்டு, வானிலை நன்றாக இருக்கும் பருவத்தில், ஒரே தொடர்ச்சியாக முடித்துவிடுங்கள்.

பள்ளிகளின் மணி விலையை ஒப்பிடும்போது கடிகாரம் எப்போது ஓடத் தொடங்குகிறது என்று கேளுங்கள். ஹாப்ஸ் மீட்டர்படி கட்டணம் என்றால் பெரும்பாலும் எஞ்சின் ஓடும் நேரம் முழுக்க நீங்கள் பணம் கட்டுகிறீர்கள். டேக்கோ மீட்டர் எஞ்சினின் சுற்று வேகத்தைப் பொறுத்து ஓடும், தரையில் மெதுவாக எண்ணும். பெரிய விமானங்கள் வந்துபோகும் நெரிசலான விமான நிலையத்தில் பள்ளி இருந்தால், ஓடுபாதைக்கு முன்னால் வரிசையில் நிற்கும் கால் மணி நேரத்துக்கும் ஹாப்ஸ் ஓடிக்கொண்டிருக்கும். சிறிய, அமைதியான ஓடுதளத்தில் அதே ஒரு மணியில் இரண்டு மடங்கு தரையிறக்கம் பழகலாம். எரிபொருள் சேர்த்த விலையா சேர்க்காத விலையா, தரையிறங்கும் கட்டணம் தனியா, பறப்பதற்கு முன் தரையில் இன்ஸ்ட்ரக்டர் பேசும் நேரத்துக்குப் பணமா, தேர்வு நடத்துபவருக்கு எவ்வளவு, தேர்வன்று விமான வாடகை யார் தலையில் என்றும் கேளுங்கள். ஒரு மாணவருக்கு இந்த உதிரிகள் மட்டும் சேர்ந்து பெரிய தொகை ஆகிவிடும்.

விமானமும் முக்கியம். இரண்டு இருக்கை செஸ்னா 152 மணிக்கு 22 லிட்டர் அளவில் குடிக்கும். நான்கு இருக்கை 172 முப்பது லிட்டருக்கு மேல். லைசென்ஸில் இரண்டின் மணியும் ஒன்றுதான். நீங்களும் இன்ஸ்ட்ரக்டரும் 152-இன் எடை வரம்புக்குள் அடங்கினால் அதிலேயே பழகுங்கள். கடிகார முள் கருவிகளுக்குப் பதில் கணினித் திரைகள் உள்ள புதிய விமானம் பார்க்க அழகாக இருக்கும், ஆனால் அந்த அனுபவம் உங்களுக்குப் பின்னால் கருவிப் பயிற்சியில் எப்படியும் கிடைக்கும்.

பணமே இல்லாமல் செய்யக்கூடிய பயிற்சி ஒன்று உண்டு. வீட்டில் நாற்காலியில் உட்கார்ந்து கண்ணை மூடிக்கொண்டு நாளைய பாடத்தை வாய்விட்டுச் சொல்லியபடி கையை அசைத்துப் பறப்பது. ஓடுதளத்தைச் சுற்றிவரும் பாதையில் எந்த இடத்தில் வேகம் குறைப்பேன், எங்கே இறக்கையின் பின்விளிம்பில் உள்ள ஃபிளாப்பை இறக்குவேன், ரேடியோவில் என்ன சொல்வேன் என்று. இதைத் தினமும் செய்யும் மாணவர் யார், செய்யாதவர் யார் என்று இன்ஸ்ட்ரக்டருக்கு முதல் பத்து நிமிடத்தில் தெரிந்துவிடும். கணினி சிமுலேட்டரைத் தொடக்கத்தில் தள்ளி வையுங்கள். வெளியே பார்த்துப் பறக்கவேண்டிய கட்டத்தில் கருவிகளையே முறைத்துப் பார்க்கும் பழக்கம் வந்துவிடும், அதை உடைக்கவே சில மணிகள் போகும். கருவிப் பயிற்சிக் கட்டத்தில் அதுவே நல்ல துணை.

பிபிஎல்லுக்குப் பிறகு ஏர்லைன் அளவிலான எழுத்துத் தேர்வுகள். இதை வேலையில் இருந்துகொண்டே தொலைதூரப் படிப்பாக முடிக்கலாம், உங்களைப் போன்றவருக்கு இது பெரிய வாய்ப்பு. ஐரோப்பிய முறையில் 13 பாடங்கள், ஒவ்வொன்றிலும் 75 சதவீதம் தேவை, முதல் தேர்வு எழுதியதிலிருந்து 18 மாதத்துக்குள் எல்லாவற்றையும் முடிக்க வேண்டும். இதில் ஒரு பொறி இருக்கிறது. தேர்வுகளை முடித்த நாளிலிருந்து 36 மாதத்துக்குள் சிபிஎல்லும் கருவித் தகுதியும் வாங்கிவிட வேண்டும், இல்லாவிட்டால் எழுதியது வீண். எல்லாவற்றையும் சீக்கிரம் எழுதி முடித்துவிட்டு, பிறகு பணத்துக்காக நான்கு ஆண்டு காத்திருந்தவர் மறுபடி முதல் பாடத்திலிருந்து தொடங்க வேண்டியிருக்கும். மிச்சப் பயிற்சிக்கான பணம் எப்போது சேரும் என்று பின்னோக்கிக் கணக்குப் போட்டு, அதற்கேற்ப முதல் தேர்வின் தேதியை வையுங்கள். கணக்கியல்காரருக்கு இது புதிதல்ல.

அடுத்து மணி சேர்த்தல். ஐகாவோ விதியில், ஒருங்கிணைந்த பயிற்சி அல்லாதவர் சிபிஎல்லுக்கு 100 மணி தானே பொறுப்பு விமானியாகப் பறந்திருக்க வேண்டும். அதற்குள் குறைந்தது 540 கிலோமீட்டர் தூரம், வேறு இரண்டு விமான நிலையங்களில் இறங்கிச் செல்லும் ஒரு நெடும்பயணமும் அடங்கும். விமான நேரத்தை மொத்தமாக வாங்கினால் விலை குறையும். கிளப் விமானம், பலர் சேர்ந்து ஒரு விமானத்தை வைத்துக்கொண்டு எரிபொருளைத் தாங்களே நிரப்பிக்கொள்ளும் பகிர்வுக் குழு போன்றவை இந்தக் கட்டத்தில் கைகொடுக்கும். அமெரிக்காவில் இரண்டு பேர் சேர்ந்து பறந்து, ஒருவர் வெளியே தெரியாதபடி கண்மறைப்பு அணிந்து கருவிகளைப் பார்த்துப் பறக்க, மற்றவர் வெளியே கவனிக்கும் பாதுகாப்பு விமானியாக இருந்து, இருவரும் ஒரே நேரத்தைப் பொறுப்பு விமானி மணியாக எழுதிக்கொள்ள விதி இடம் தருகிறது. பாதிச் செலவில் முழு மணி என்று கேட்க நன்றாக இருக்கும். ஆனால் உங்கள் லைசென்ஸ் வேறு நாட்டில் என்றால் அந்த மணிகளை அங்கே ஏற்பார்களா என்பதை அந்நாட்டு விமானப் போக்குவரத்து அமைப்பிடம் எழுத்தில் வாங்கிய பிறகே பணம் கட்டுங்கள். வெளிநாட்டுப் பயிற்சி முழுவதற்கும் இதே எச்சரிக்கைதான். மணி விலை குறைவாக இருக்கும். அதோடு விசா, தங்குமிடம், திரும்பி வந்தபின் லைசென்ஸ் மாற்றத்துக்கான தேர்வுகள், கூடுதல் பறத்தல் எல்லாவற்றையும் கூட்டிப் பார்த்தால் பலமுறை மிச்சம் ஒன்றும் இருக்காது.

இன்னொன்று, இந்த நூறு மணியை ஒரே வட்டத்தில் சுற்றிச் செலவழிக்காதீர்கள். தெரியாத ஓடுதளங்களுக்குப் போங்கள், வானிலை பார்த்துத் திரும்பி வரும் முடிவுகளை எடுங்கள். சம்பளமில்லாமல் நீங்கள் கேப்டனாக இருக்கப்போவது இப்போதுதான், நேர்முகத் தேர்வில் கேட்கும் கேள்விகளுக்கு விடைகள் இங்கேதான் கிடைக்கும்.

இரட்டை எஞ்சினும் கருவித் தகுதியும் கடைசியில். இரட்டை எஞ்சின் விமானத்தின் மணி விலை மிக அதிகம். ஐரோப்பிய விதியில் இரட்டை எஞ்சின் கருவித் தகுதிக்கான 55 மணியில் 40 மணி வரை அங்கீகரிக்கப்பட்ட சிமுலேட்டரில் செய்யலாம், அதை முழுதாகப் பயன்படுத்துங்கள். கடைசியில் வைப்பதற்குக் காரணம் விலை மட்டுமல்ல. இந்தத் தகுதி அங்கே ஓராண்டுக்குத்தான் செல்லும், ஆண்டுதோறும் பறந்து காட்டும் தேர்வில் தேறிப் புதுப்பிக்க வேண்டும். வேலைக்கு விண்ணப்பிக்கத் தயாராகும்போது அது புதிதாக இருக்க வேண்டும். வேலையை விடவேண்டிய கட்டமும் இதுதான், சில மாதங்கள் முழுநேரமாக இதைச் செய்யவேண்டியிருக்கும். அதற்கு முன் ராஜினாமா செய்யாதீர்கள்.

லைசென்ஸ் வந்த நாளோடு செலவு நிற்காது, இதைத்தான் பலர் கணக்கில் சேர்ப்பதில்லை. முதல் வேலை கிடைக்க ஆறு மாதமும் ஆகலாம், இரண்டு ஆண்டும் ஆகலாம். 2001, 2008, 2020 ஆகிய ஆண்டுகளின் நெருக்கடிகளுக்குப் பின் புதிதாக லைசென்ஸ் வாங்கியவர்கள் நீண்ட காலம் காத்திருந்தார்கள். அந்தக் காலத்தில் மருத்துவச் சான்று, கருவித் தகுதி, கைப்பழக்கம் மூன்றையும் உயிரோடு வைத்திருக்கப் பணம் வேண்டும். இரண்டு ஆண்டுப் புதுப்பிப்புச் செலவைத் தனியாக ஒதுக்கி வையுங்கள். அதில் கை வைக்காதீர்கள்.

நாட்டைப் பொறுத்துத் தேவையும் மாறும். ஐரோப்பாவில் 200 மணி சொச்சத்தோடு ஏர்லைனில் துணை விமானியாகச் சேர வழி உண்டு. அமெரிக்காவில் சிபிஎல்லே பொதுவாக 250 மணி, ஏர்லைனுக்கு 1500 மணி. 2009 பிப்ரவரியில் பஃபலோ அருகே கோல்கன் ஏர் விமானம் விழுந்து 50 பேர் இறந்த பிறகு சட்டம் இயற்றி, 2013 முதல் துணை விமானிக்கும் இந்த வரம்பைக் கொண்டுவந்தார்கள். ராணுவ விமானிகளுக்கும் விமானப் பட்டப்படிப்பு முடித்தவர்களுக்கும் மட்டும் கொஞ்சம் குறைவு. இந்த இடைவெளியை நிரப்ப அங்கே பெரும்பாலோர் செய்வது இன்ஸ்ட்ரக்டர் வேலை. எந்த நாட்டிலும் நான் அதைப் பரிந்துரைப்பேன். சம்பளம் குறைவுதான், ஆனால் மணிக்குப் பணம் கட்டுகிறவராக இருந்தவர் மணிக்குப் பணம் வாங்குகிறவராக மாறுகிறார். மற்றவர் செய்யும் பிழையை முன்கூட்டியே கண்டு திருத்தும் பழக்கம் வாழ்நாள் முழுக்க விமானி அறையில் உதவும். எஞ்சின் இல்லாத கிளைடர் விமானங்களை இழுத்து மேலேற்றுவது, ஸ்கைடைவர்களை ஏற்றிச் செல்வது, வான்வழி அளவீடு என்று வேறு வழிகளும் உண்டு.

முழுச் செலவையும் ஏர்லைனே ஏற்கும் திட்டங்கள் இருக்கின்றன. பிரிட்டிஷ் ஏர்வேஸ் ஸ்பீட்பேர்ட் பைலட் அகாடமி என்ற பெயரில் ஒன்றை அறிவித்தது. இடம் சில, விண்ணப்பங்கள் ஏராளம். சிலவற்றில் வயது வரம்பும் குடியுரிமை நிபந்தனையும் உண்டு. தவறாமல் விண்ணப்பியுங்கள், ஆனால் அதை நம்பி மற்ற வேலையை நிறுத்தி வைக்காதீர்கள். எம்பிஎல் என்ற லைசென்ஸ் வகையில் கவனம் தேவை. ஐகாவோ 2006-இல் கொண்டுவந்த இது ஒரு குறிப்பிட்ட ஏர்லைனுக்காகவே வடிவமைத்த பயிற்சி. அந்த ஏர்லைன் ஆள் எடுப்பதை நிறுத்தினால், அந்த லைசென்ஸோடு வேறு எங்கும் சுலபமாகப் போக முடியாது. சொந்தப் பணத்தில் அதில் சேராதீர்கள்.

கடன் பற்றிக் கேட்டீர்கள். பெற்றோர் வீட்டை அடமானம் வைத்து வாங்காதீர்கள். இதை மிகவும் அழுத்திச் சொல்கிறேன். ஒரு வருட வேலையின்மையும், துணை விமானியின் முதல் ஆண்டுச் சம்பளமும் சேர்ந்து தவணையைத் தாங்குமா என்று கணக்குப் போடுங்கள். தாங்காத கடன் கடனே அல்ல என்று ஒதுக்கிவிடுங்கள். கடைசிக் கட்டத்துக்கு மட்டும், உங்கள் பெயரில், சிறிய தொகை என்றால் யோசிக்கலாம். அப்போதுகூட உங்கள் மனைவியின் வருமானத்தில் வீடு ஓடவேண்டும்.

எவ்வளவு தள்ளுபடி தந்தாலும் பள்ளிக்கு முழுத் தொகையை முன்பணமாகக் கட்டாதீர்கள். 2008 பிப்ரவரியில் அமெரிக்காவின் சில்வர் ஸ்டேட் ஹெலிகாப்டர்ஸ் என்ற பயிற்சிப் பள்ளி திடீரென மூடியபோது, பெரிய கடன் வாங்கிச் சேர்ந்திருந்த மாணவர்கள் பாதிப் பயிற்சியோடு நடுத்தெருவில் நின்றார்கள். 2023-இல் ஸ்காட்லாந்தின் டேசைட் ஏவியேஷன் என்ற பள்ளியும் மூடியது. நல்ல பெயர் உள்ள பழைய பள்ளியும் விழலாம். பறந்த பிறகு கட்டுங்கள், முடியாவிட்டால் அடுத்த சில பாடங்களுக்கு மட்டும் கட்டுங்கள். வேலை வாய்ப்புக் கடிதம் கையில் இல்லாமல் ஏர்பஸ் 320 போன்ற பெரிய விமானத்துக்கான டைப் ரேட்டிங்கை, அதாவது அந்த ஒரு வகை விமானத்தை ஓட்டும் தகுதியை, சொந்தச் செலவில் எடுப்பதும் வேண்டாம். எந்த விமானம் வைத்திருக்கும் ஏர்லைன் உங்களை எடுக்கும் என்று யாருக்கும் தெரியாது. பயன்படுத்தாமல் ஓராண்டு போனால் அதையும் புதுப்பிக்க வேண்டும்.

உங்கள் கணக்கியல் தகுதியைக் காலாவதியாக விடாதீர்கள். ஒரு விமானியின் வருமானம் அடுத்த மருத்துவப் பரிசோதனை வரைதான் உறுதி. காப்பீடு உண்டு, ஆனால் இன்னொரு தொழில் தெரிந்திருப்பதுபோல் வராது. காத்திருக்கும் மாதங்களில் பகுதிநேரமாகக் கணக்கு வேலை பார்த்தால் புதுப்பிப்புச் செலவு அதிலேயே வந்துவிடும்.

இந்த மாதம் செய்யவேண்டியது, அங்கீகாரம் பெற்ற விமான மருத்துவரிடம் நேரம் வாங்குவது. சான்று வந்த பிறகு, உங்களுக்கு அருகில் இருக்கும் சிறிய ஓடுதளங்களில் மூன்று பள்ளிகளுக்கு நேரில் போங்கள். வரவேற்பறையில் இருப்பவரை விட்டுவிட்டு, அங்கே படிக்கும் மாணவர்களிடம் பேசுங்கள். போன மாதம் எத்தனை பாடம் பறந்தீர்கள், எத்தனை ரத்தானது, விமானம் பழுதில் எத்தனை நாள் நின்றது, இன்ஸ்ட்ரக்டர் எத்தனை முறை மாறினார் என்று கேளுங்கள். அவர்கள் சொல்லும் எண்களோடு மறுபடி எழுதுங்கள், பிபிஎல்லுக்கு எவ்வளவு ஒதுக்குவது என்று சேர்ந்து பார்க்கலாம்.